ஒரே ஒருவர் ஆடிய வாத்து வரிசை

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இல்லை. என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதில் தவறில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். பேசத் தொடங்கினால் நான் எங்கெங்கோ போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மாப்பிள்ளையின் போனில் ‘வாத்து வரிசை’ விளையாட்டை வாங்கிப் போட்ட அன்று, அது என்றைக்கும் அவருடையது என்று நான் சொன்னது.
2. எங்கள் நிறுவனம் நீக்கிய பழைய விளையாட்டுகளின் பட்டியலைத் தயாரித்தவன் நானே என்பது.
3. திரையில் ஏதோ எழுத்து வருகிறது என்று நீ போன் செய்தபோது, அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள் என்று நான் சொன்னது நினைவுப் பிசகால் என்பது.
4. அதன் பிறகு நீ பதினோரு முறை அழைத்தும் நான் எடுக்காதது.
5. இனி என்ன செய்யலாம் என்பது.

முதலாவது. மாப்பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரம் அது. கிரேன் கூண்டுக்குள் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கீழே நிற்பவர்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருந்த மனிதர். மூளையில் ரத்தம் அடைத்ததில் ‘ம்’, ‘அட சே’ இரண்டைத் தவிர எல்லாச் சொல்லையும் தொலைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். எனக்கு வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்தது. எங்கள் அலுவலகத்து விளையாட்டுகளில் சத்தம் குறைவானது, யாரும் யாரையும் சுடாதது அது ஒன்றுதான். தாய் வாத்து முன்னே போகும். ஒன்பது குஞ்சுகள் பின்னே போகும். பள்ளம் வந்தால் விரலால் தட்டி நிறுத்த வேண்டும். “சின்னப் பிள்ளைங்க ஆடுறத இவருக்கு எதுக்குண்ணா?” என்றாய். “இருக்கட்டும்மா. வாங்கினது வாங்கினதுதான், எங்கயும் போகாது” என்றேன். முப்பத்தொரு வருடம் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவன் நான். ஒன்றை வாங்கினால் அது அலமாரிக்கு வரும், அங்கேயே இருக்கும் என்பதே என் அனுபவம். ஓய்வு பெற்ற பிறகு இந்த நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதச் சேர்ந்தேன். அப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை.

இரண்டாவது. போன்கள் புதிது புதிதாக வரும்போது பழைய விளையாட்டுகளை அவற்றுக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். அதற்கு ஆள் இல்லை. ஆகவே மாதம் ஐம்பது பேருக்குக் குறைவாக ஆடுபவற்றை நீக்கிவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. இருபத்தாறு விளையாட்டுகள். நான் அகர வரிசையில் தட்டச்சு செய்துகொடுத்தேன்.

மூன்றாவது. ‘அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்’ என்பதை ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிறேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது.

நான்காவது. போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது முறை அதன்மேல் ஒரு பதிவேட்டை வைத்தேன்.

ஐந்தாவதை எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஆகிறது. எதுவும் வரவில்லை. தாளை அப்படியே மடிக்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

உன் சீட்டு கிடைத்தது. கடிதம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாமான் வாங்க எழுதிக்கொடுத்த மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவது சாமான் கடையில் இல்லை போலிருக்கிறது.

இங்கே என்ன நடக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

அந்த வாத்து ஒவ்வொன்றும் குளத்தில் இறங்கும்போது ‘குவாக்’ என்று கத்தும். நினைவிருக்கிறதா? முதல் இரண்டு மாதம் அவர் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் மாதம் ஒரு நாள் நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். “ஒண்ணு” என்று ஒரு குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவர்தான். வாத்துக்கு எண்ணிக்கை போட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஓடி வந்து, “இத மட்டும் நிறுத்திடாதீங்க. எண்ணிக்கையப் பிடிச்சுக்கிட்டே மத்த வார்த்தைங்க ஏறி வரும்” என்றார். ஏறி வந்தது அண்ணா. ஒன்பது எண்ணி முடித்ததும் “போதும்” என்றார். பிறகு “தண்ணி”. பிறகு “சட்ட”. பிறகு, நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது “சீக்கிரம்”. எல்லாவற்றையும் காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்தேன். பதினாலு சொல் சேர்ந்திருந்தது.

இப்போது போனைக் கையில் எடுத்து, வாத்துப் படம் இருந்த இடத்தை விரலால் தட்டுகிறார். அங்கே ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் தட்டுகிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். நான்தானே அழித்தேன், என் விரலால். அவர் கண் முன்னால். அவர் என்னைத் திருடி மாதிரி பார்க்கிறார். பார்த்துவிட்டு “அட சே”. அவ்வளவுதான் மிச்சம்.

வேறு வாத்து விளையாட்டு நாலு போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் நடுநடுவே விளம்பரம் வந்து குதிக்கிறது, போனைக் கட்டிலில் வீசிவிட்டார். ஒன்றில் வாத்து தொப்பி போட்டிருக்கிறது. அதைப் பார்த்து அவருக்கு என்ன கோபமோ, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இருபத்தாறு விளையாட்டை அகர வரிசையில் அடுக்கினாயே, நம்முடையது எத்தனையாவது? அதை எத்தனை பேர் ஆடினார்கள்? அதைச் சீட்டில் எழுதவில்லையே.

இப்படிக்கு,
அழித்தவள்


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்டதற்கு விடை: இருபத்துமூன்றாவது. ஆடியவர் எண்ணிக்கை: 1.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன்.

பட்டியலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எதிரே போன மாதம் ஆடியவர்களின் எண்ணிக்கை வரும். முப்பத்தெட்டு, பன்னிரண்டு, ஏழு என்று வந்துகொண்டிருந்தது. இருபத்துமூன்றில் ஒன்று. அந்த ஒன்றைத் தொட்டால் ஆடுபவரின் பெயர் தெரியும். தொட்டுப் பார்த்தேன். ‘கூண்டு’ என்று இருந்தது. அந்தப் பெயரைப் பதிந்தவனே நான்தான். உங்கள் வீட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவருடைய கிரேன் கூண்டை நினைத்துப் பதிந்தது.

கூட்டத்தில் மேலாளர் பட்டியலைத் திரையில் போட்டு, “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். நான் என் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரனுக்காகப் பேசுகிறான் கிழவன் என்று நினைப்பார்களே என்பது ஒரு பயம். ஒருவருக்காக விதியை வளைப்பது மற்ற இருபத்தைந்து விளையாட்டுகளை ஆடியவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் அப்போது மிகவும் நேர்த்தியாக இருந்தது. “சரி, அடுத்தது” என்றார் அவர்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவரிடம் போனேன். ஒரு விளையாட்டை மட்டும் மறுபடி கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

“ஒரே ஒரு ஆளுக்காகவா சார்?”

“ஆமாம்.”

“யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“வாடிக்கையாளர்” என்றேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளையை நான் அப்படித்தான் சொன்னேன்.

அவர் என்னைக் கணினி நிரல் எழுதும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் நல்லவள். நாற்காலியை எனக்குத் தள்ளிக் கொடுத்தாள். “அந்த வாத்தெல்லாம் இருந்த மெஷினையே வித்தாச்சு சார்” என்றாள். காசு கொடுத்து விளையாட்டை வாங்கியவர் கதி என்ன என்று கேட்டேன். “நாம வித்தது வாத்த இல்ல சார், வாத்தப் பாக்கறதுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. பூங்காவையே இழுத்து மூடிட்டா சீட்ட வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?” ஆறு வருடமாக அந்த நிபந்தனைத் தாளை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பத்தியில் அது இருக்கிறது. எழுத்துப் பிழை பார்த்தேனே தவிர, பொருள் பார்க்கவில்லை.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் மறைக்க வழி இல்லை. “அந்த அறிவிப்பு வந்தப்போ ‘சரி’ன்னு தட்டி மூடியிருந்தாலே போதுமே சார். ஆப் கடையிலதான் எடுத்தாச்சு, போன்ல இருக்கிறது பாட்டுக்கு ஓடிக்கிட்டேதான் இருக்கும். யாரு சார் அழிக்கச் சொன்னது?”

“தெரியலம்மா” என்றேன்.

சோதனைக்காக வைத்திருந்த பழைய போன்கள் அலுவலக அலமாரியில் முப்பத்தொன்று இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்றில் வாத்து வரிசை இருந்திருக்கும். ஜனவரியில் அவற்றில் உள்ளதையெல்லாம் துடைத்தழித்து ஒப்படைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை துடைத்தேன். பதிவேட்டில் சிவப்பு மையில் முப்பத்தொரு குறி இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை. காப்பகத்தில் இருந்த காலத்தில் ஒரு துண்டுச் சீட்டைக் கழிப்பதானாலும் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கழிப்பேன். அதே கை இது.

மாப்பிள்ளை உன்னைத் திருடி மாதிரி பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை ஒரு முறைதான் படிக்க முடிந்தது.

உன் அண்ணன்


மார்ச் 27

அண்ணனுக்கு,

‘வாடிக்கையாளர்’. படித்துவிட்டுக் கடையில் அரை மணி நேரம் ஒருத்தருக்கும் கண்ணாடி மாட்டிப் பார்க்க முடியவில்லை எனக்கு. உன் கல்யாணப் பந்தலில் விளக்கு அணைந்தபோது கம்பத்தில் ஏறினவர், உன் வீட்டு நீர்த்தொட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கி மாடியில் வைத்தவர், உனக்கு வாடிக்கையாளர்.

உனக்கு இது புதிதில்லை. எனக்கு மேலே படிக்க இடம் கிடைத்தபோது அப்பா உன்னைத்தான் கேட்டார், “நீ என்னடா சொல்ற?” என்று. நீ சொன்ன பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். “ரெண்டு பக்கமும் யோசிக்கணும்பா.” யோசித்தார்கள். நான் வேலைக்குப் போனேன். நீ யாருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று ஊரே சொல்லும். கெடுதல் நடக்கும்போது பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான்.

காலண்டரில் இருந்த பதினாலில் பத்தை அடித்துவிட்டேன். அடிக்கக் கூடாது என்று பயிற்சி கொடுக்கும் அம்மா திட்டினார். நேற்று கையைப் பிடித்து விரல் விட்டு எண்ணச் சொன்னேன். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். முகம் சிவந்துபோய், வாய் திறந்தபடி, அடுத்தது எங்கே என்று தேடுகிறார். நான் “அஞ்சு” என்று எடுத்துக் கொடுத்தேன். கையை உதறிவிட்டார். வாத்து எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், நான் கொடுத்தால் வேண்டாமாம். பெண்டாட்டி என்றால் அவ்வளவு இளக்காரம்.

‘சரி’ என்று தட்டியிருந்தால் போதுமாமே. அதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பட்டியல், கூட்டம், மேலாளர் கதையெல்லாம் வேண்டாம். அன்றைக்கு நான், “ஏதோ எழுத்து வருதுண்ணா, அவரு பயந்துட்டாரு, என்ன பண்ண?” என்று கேட்டேனே. அந்த நிமிடம், அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? உன் மூன்றாவது பாயின்டில் நினைவுப் பிசகு என்று எழுதியிருக்கிறாய். என் முகத்தைப் பார்த்து எழுதினதா அது?

ஆமாம் அல்லது இல்லை. இரண்டு பக்கமும் யோசிக்காதே.

தங்கை


ஏப்ரல் 6

அன்புள்ள தங்கைக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பெட்டி வரும். உள்ளே பழைய போன் ஒன்று, அதற்குரிய மின்கம்பி ஒன்று. பெட்டியைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு.

அ) அந்த போனை இணையத்தில் இணைக்கவே கூடாது. இணைத்தால் அது புதுப்பிக்கக் கேட்கும், பிறகு போய்விடும்.
ஆ) மின்கலம் தேய்ந்துவிட்டது. கம்பி சொருகியே இருக்க வேண்டும்.
இ) எந்த எழுத்து வந்தாலும் ‘சரி’ என்று தட்டி மூடிவிடு. எதையும் அழிக்காதே.

வாத்து வரிசைக்குப் படம் வரைந்த பெண் வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. இப்போது பெயர்ப் பலகை எழுதும் கடை ஒன்று வைத்திருக்கிறாள். கடையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. உள்ளே போகத் தயங்கி எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். அவளே பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“பட்டியல் சார்தானே? ஒன்பதாவது வாத்து புதர்ல மாட்டிக்குதுன்னு பதினாலு தடவ எனக்கு எழுதி அனுப்பினது நீங்கதானே?”

“பதினைந்து” என்றேன். சிரித்தாள்.

இழுப்பறையில் காய்ந்த தூரிகைகளுக்கு அடியில் அந்த போன் கிடந்தது. “வேலைய விட்டுப் போறப்போ நான் வரைஞ்ச ஒத்த வாத்தக்கூட எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினாங்க சார். இந்த போன் பையில கிடந்தத அன்னைக்கு நான் கவனிக்கல. அப்புறம் கவனிச்சேன். கவனிச்சும் குடுக்கல” என்றாள். பிறகு, “யாருக்கு சார்?” என்று கேட்டாள்.

“என் தங்கை வீட்டுக்காரருக்கு.”

“அந்த ஒரே ஆளு அவருதானா! யாரோ ஒருத்தர் இன்னும் ஆடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கம்மாவா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்” என்றாள். ஒரு துணியால் திரையைத் துடைத்து என் கையில் வைத்தாள்.

முழு விளையாட்டு இதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிடுவதற்கு முன்பு சோதனைக்காகச் செய்த பிரதி இது. வாத்துகளுக்கு நிறம் கிடையாது, கோட்டு உருவம்தான். சத்தமும் இல்லை. பன்னிரண்டு கட்டங்களோடு முடிந்துவிடும். ஒன்பதாவது குஞ்சு புதரில் மாட்டிக்கொள்ளும் பிழை அப்படியே இருக்கிறது. எட்டுதான் குளம் சேரும். மாப்பிள்ளைக்கு இது போதாமல் போகலாம். கோபம் வந்து உடைத்தாலும் உடைக்கட்டும்.

அந்த போன் சட்டப்படி நிறுவனத்தின் சொத்து. அதை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதவில்லை.

உன் கேள்விக்கு விடையைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைக்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

பெட்டி வந்தது. கடிதம் வந்தது. தனித்தாள் எதுவும் உறையில் இல்லை. இரண்டு தடவை உதறிப் பார்த்தேன். அதை விடு, முதலில் இதைக் கேள்.

புதன்கிழமை காலையில் கம்பியைச் சொருகி அவர் மடியில் வைத்தேன். வெறும் கோட்டில் வாத்து. சத்தம் கிடையாது. அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். “அட சே” என்று கீழே வைத்துவிட்டார். சரி, இதுவும் போச்சு என்று நான் குளிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஆடிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பயிற்சி கொடுக்கும் அம்மா வந்தபோது, ஒவ்வொரு வாத்து இறங்கும்போதும் அந்த அம்மாவே “குவாக்” என்று கத்த ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். வெட்கம் பார்த்தால் முடியுமா? பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது ஆட்டத்தில் அவர் எண்ண ஆரம்பித்தார். நாலு தாண்டினார். எட்டு வந்தது. அங்கே திரையில் ஒன்றுமில்லை. அந்தப் புதர் மட்டும் ஆடுகிறது. அவர் காத்திருக்கிறார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அவர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு சொல்கிறார்:

“எட்டு… எட்டுதான்டி. ஒண்ணு… ஒண்ணு எங்க? உங்கண்ணன்… தின்னுட்டானா?”

அண்ணா, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. பயிற்சி கொடுக்கும் அம்மா, “எழுதுங்க, எழுதுங்க, காலண்டர்ல எழுதுங்க” என்று என்னைப் பிடித்து உலுக்குகிறார். இரண்டு வருடத்தில் அவர் பேசின முதல் முழு வாக்கியம் உன்னைத் திட்டினதுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். தேதி போட்டு.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்திலும் எட்டில் வந்து நின்று ஒரு தரம் உன்னைத் திட்டுகிறார். வார்த்தை மாறுகிறது. நேற்று “களவாணி” வந்தது. அது காலண்டரில் இருந்த பதினாலில் கிடையாது, புதுசு.

என்னைப் பார்க்கிற பார்வையும் மாறிவிட்டது. குற்றவாளி இப்போது நீ ஆகிவிட்டாய் இல்லையா, நான் தப்பித்தேன்.

அதனால் சொல்கிறேன். நான் கேட்ட கேள்வியை விட்டுவிடு. அறுபத்தெட்டு வயது, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற பதில், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. நீ சொன்னபடியே நினைவுப் பிசகு என்றே வைத்துக்கொள்கிறேன். வயதானவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேனே என்று இப்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. தடுத்து வைத்த உன் எண்ணையும் எடுத்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. அவர் உன்னை நேரில் திட்ட வேண்டுமாம். “வரச் சொல்லு” என்று இரண்டு சொல்லாகவே சொன்னார்.

தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். மாப்பிள்ளை சொன்னதைப் படித்த இடத்தில் எழுந்து முகம் கழுவப் போக வேண்டியதாயிற்று. நிரல் எழுதும் பெண் என்ன என்று கேட்டாள். “என் தங்கை வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருக்கிறார்” என்றேன். “அதுக்கா சார் இவ்வளவு சந்தோஷம்?” என்றாள். பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளருக்கும் சொன்னேன். அந்த ஒருவர் யார் என்று சொன்னேன். பழைய போன் ஒன்று என் மூலமாக வெளியே போயிருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு அவர் என்ன செய்வாரோ தெரியாது. உன்னிடமிருந்து அதை யாரும் கேட்க மாட்டார்கள்; எந்த வீட்டில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாய். உறையில் இல்லாத அந்தத் தனித்தாளை நீ மன்னித்தும் விட்டாய். அந்த மன்னிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்க என்னால் முடியவில்லை. அந்தத் தாளை நான் எழுதியிருந்தேன். உறையை ஒட்டும் முன் வெளியே எடுத்துவிட்டேன். இப்போது மறுபடி எழுதுகிறேன்.

விளையாட்டுகளை நீக்கிய அன்று, அவற்றை ஆடியவர்கள் கேட்டு எழுதினால் அனுப்ப ஒரு பதில் தயாரிக்கச் சொன்னார்கள். அதை எழுதியவன் நான். ‘கடையிலிருந்து நீக்கப்பட்ட விளையாட்டு உங்கள் போனில் தொடர்ந்து இயங்கும். அறிவிப்பு வந்தால் சரி என்று தட்டி மூடிவிடுங்கள். தயவுசெய்து அழிக்க வேண்டாம். அழித்தால் மீண்டும் பெற இயலாது.’ நான்கு வாக்கியம். நான்காவதை அடிக்கோடிட்டதும் நான்தான்.

நீ போன் செய்தது அதற்கு ஒன்பதாம் நாள். அன்று காலை பத்து மணிக்கு ஒரு பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பதிலை அனுப்பினேன். பத்தரைக்கு முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். இருவரும் நன்றி சொல்லி எழுதியிருந்தார்கள். அவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது. அவர்களுடைய விளையாட்டு இன்றைக்கும் அவர்கள் போனில் இருக்கிறது.

பதினொன்று பத்துக்கு உன் அழைப்பு வந்தது. என்ன எழுத்து என்று நீ சொல்லத் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ‘சரின்னு தட்டும்மா’ என்று நான் சொல்லியிருந்தால், ஏன் இது வருகிறது என்று நீ கேட்டிருப்பாய். கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லியிருப்பேன். யார் எடுத்தது என்று அடுத்து கேட்டிருப்பாய். நீ அப்படிக் கேட்பவள்தான். மேலாளர் மூன்றடி தள்ளி நின்று யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி நான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு முடிய வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணம் இல்லை. என் வாயால் தெரிவதைவிட அந்த போனே உனக்குத் தெரிவித்துவிடட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு நேரம் இருந்தது. ஏனென்றால் நீ இரண்டாம் முறையும் கேட்டாய், “அழிச்சிடட்டுமாண்ணா? ஒண்ணும் ஆகாதே?” என்று.

“அழிச்சிடும்மா. வாங்கினது எங்கயும் போகாது” என்றேன்.

நீ என்னை வரச் சொன்னது இதைப் படிக்காதபோது. படித்த பிறகும் அதுவேதான் என்றால் ஒரு வரி எழுது. இல்லை என்றால் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். இதை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். அவர் என்ன சொன்னாலும், சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும், நான் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

என் முதல் கடிதத்தில் ஐந்து குறிப்புகள் எழுதியிருந்தேன். அவற்றில் மூன்றாவது தவறு. எனக்கு எதுவும் மறந்துபோகவில்லை.

உன் அண்ணன்